சிஸ்டரிடம் கேளுங்கள்: ஆயா சொன்னதைக் கேட்காத அன்று

(நீலகிரி மருத்துவமனைகளில் 1984 முதல் 2018 வரை செவிலியர், வார்டு இன்சார்ஜ், நர்சிங் சூப்பிரண்டு என்று பணியாற்றிவிட்டு இப்போது கோத்தகிரியில் வசிக்கும் சிஸ்டர், மருத்துவத் துறையில் இருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: எனக்கு 27 வயது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு வார்டு இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். என்னைவிடப் பத்து வருஷம் சீனியரான அக்காக்கள் மூன்று பேர் அதே வார்டில் இருக்கிறார்கள். டியூட்டி லிஸ்ட் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு அதட்டத் தெரியாது. கெஞ்சியும் அலுத்துவிட்டது. பழையபடி ஸ்டாஃப் நர்ஸாகவே போய்விடலாமா என்று தோன்றுகிறது.
— ஒரு வாசகி, கூடலூர்

பதில்: போக வேண்டாம் கண்ணு. அதட்டத் தெரியாதது குறையே இல்லை. நான் இன்சார்ஜ் ஆனபோது நன்றாக அதட்டத் தெரிந்தவள். அதனால் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் டியூட்டி லிஸ்ட். வார்டில் முக்கால்வாசி மனக்கசப்பு அந்த ஒரு தாளில்தான் பிறக்கிறது. யாருக்கு நைட் அதிகம், யாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆஃப், பண்டிகைக்கு யார் ஊருக்குப் போகலாம் என்பதையெல்லாம் ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்கு வைத்திருப்பார்கள். நீங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள். போன ஆறு மாத லிஸ்ட்டை எடுத்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை நைட், எத்தனை ஞாயிறு என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த மாத லிஸ்ட் 20-ம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ், ஹெத்தையம்மன் பண்டிகை, ஓணம் என்று நம் மலையில் பண்டிகைக்குப் பஞ்சமில்லை. முதல் பண்டிகை நைட்டில் உங்கள் பெயரைப் போடுங்கள். அதைப் பார்த்தபிறகு யாரும் முகத்தைத் திருப்ப யோசிப்பார்கள்.

அடுத்து, அந்த மூன்று அக்காக்களோடும் தனித்தனியாக ஒரு டீ குடியுங்கள். “இந்த வார்டில் உங்களுக்குத் தினமும் எரிச்சல் தருவது எது?” என்ற ஒரே கேள்வி போதும். ஒருவர் பி.பி. கருவி சரியாக வேலை செய்யவில்லை என்பார். இன்னொருவர் சாயங்கால ஷிப்ட் முடிந்தால் கடைசி பஸ் கிடைப்பதில்லை என்பார். எல்லாவற்றையும் உங்களால் சரிசெய்ய முடியாது. ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் சரிசெய்துவிட்டு, “அக்கா, நீங்கள் சொன்னது முடிந்தது” என்று சொல்லுங்கள். யாராவது தப்பு செய்தால் பேஷன்ட் முன்னால் பேசாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். பாராட்டுவதென்றால் எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள்.

இனி என் கதை. தொண்ணூறுகளில் ஒரு ஜனவரி மாதம், கடும் உறைபனிக் காலம். பெண்கள் வார்டில் கருப்பை எடுத்த ஒரு அம்மாவுக்கு இரண்டாவது நாள். காலை எட்டரை மணிக்கு எங்கள் ஆயா வந்து, “சிஸ்டர், நாலாம் பெட் அம்மா கஞ்சியைத் தொடலை. தண்ணி தண்ணின்னு கேக்கறாங்க. கை ஜில்லுன்னு இருக்கு” என்றார். நான் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். “ஜனவரியில் யார் கைதான் ஜில்லென்று இல்லை, போய் வேலையைப் பாருங்கள்” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். ஆயா மறுபடி சொல்லவில்லை. பத்தரை மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது நாடித் துடிப்பு 130-க்கு மேல், பி.பி. விழுந்துவிட்டது. உள்ளே ரத்தக் கசிவு. திரும்பத் தியேட்டருக்கு எடுத்துப்போய் அந்த அம்மாவைக் காப்பாற்றினோம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை அவரிடமிருந்து எடுத்தவள் நான்தான்.

அன்று மாலையே ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாளிலிருந்து காலை ஹேண்ட் ஓவரில், அதாவது நைட் ஷிப்ட் காலை ஷிப்ட்டிடம் பேஷன்ட்களை ஒப்படைக்கும்போது, ஆயாவும் துப்புரவுப் பணியாளரும் எங்களோடு பெட் பெட்டாக வந்து நிற்க வேண்டும் என்று ஆக்கினேன். கேஸ் ஷீட்டில் எழுதாத பல விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும். யார் சாப்பிடவில்லை, யார் ராத்திரி அழுதார், யார் வீட்டில் பணம் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் அவர்களிடம்தான் வரும். டாக்டர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நான் விடவில்லை.

ராத்திரியில் டாக்டரைக் கூப்பிடுவதற்கும் ஒரு முறை சொல்லிக்கொடுங்கள். எஸ்பார் என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை. நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, நமக்கு வேண்டியது என்று நாலு வாக்கியம். “டாக்டர், நாலாம் பெட் அம்மாவுக்கு பி.பி. 90/60, நாடி 124. நேற்று முன்தினம் கருப்பை எடுத்தவர். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.” இருபது விநாடிகூட ஆகாது. “பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க” என்று போனில் சொன்னால் எந்த டாக்டரும் எழுந்து வர மாட்டார். புதிதாக வந்த பிள்ளைகளை இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். மூன்றாவது வாக்கியம்தான் அவர்களுக்கு வராது. “நான் எப்படிக் கணிப்பது?” என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது இன்சார்ஜின் வேலை.

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். குன்னூரில் சொந்தமாக கிளினிக் வைக்க ஆசை. ஆறு லட்சம் லோன் எடுத்து எல்லா மெஷினும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். எனக்கு வியாபாரம் தெரியாது என்பது அவர் வாதம்.
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: தம்பி, வியாபாரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் துறைக்காரர்கள் பலர் கூசிப்போகிறார்கள். கணக்குப் பார்க்காத கிளினிக் ஒரு வருஷத்தில் மூடும். அதை நம்பி வந்துகொண்டிருந்த பக்கவாத நோயாளி அப்புறம் எங்கே போவார்? கணக்குப் பார்ப்பது அவருக்காகவும்தான். வாருங்கள், பென்சிலை எடுத்து அப்பாவோடு உட்காருங்கள்.

நான் போடும் தொகைகள் ஒரு மாதிரிதான், உங்கள் தொகையை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகை 12,000. உதவியாளர் சம்பளம் 11,000. கரன்ட், தண்ணீர், போன் 4,000. ஆறு லட்சம் லோனை 11 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்தில் கட்டினால் தவணை சுமார் 13,000. உங்கள் வீட்டுச் செலவுக்கு 25,000. இதை எழுதப் பலர் மறந்துவிடுவார்கள், நீங்கள் மறக்காதீர்கள். மொத்தம் 65,000. ஒரு பேஷன்ட் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் இது போயே தீரும்.

ஒரு தடவைக்கு 300 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஜெல், டவல் சலவை, எலக்ட்ரோடு தேய்மானம் என்று 50 போனால் கையில் நிற்பது 250. 65,000-ஐ 250-ஆல் வகுத்தால் 260. மாதம் 25 நாள் வேலை என்றால் தினமும் பத்துக்கு மேல், அதாவது பதினொரு பேர். ஒருவருக்கு 40 நிமிடம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் நீங்கள் நின்றபடியே இருக்க வேண்டும். நல்ல மாதத்தில் முடியும். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டி பர்லியார் ரோட்டில் மண் சரிந்தால் யார் வருவார்கள்? தினமும் ஆறு பேர்தான் வந்தார்கள் என்றால் வருவது 37,500. துண்டு விழுவது 27,500. அப்படி மூன்று மாதம் போனால் 82,500. அந்தத் தொகை கையில் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

அப்பா வேண்டாம் என்கிறார், நான் கொஞ்சமாகத் தொடங்குங்கள் என்கிறேன். மூன்று லட்சத்தோடு நிறுத்தினால் தவணை 6,500 ஆகிறது. மாதச் செலவு 58,500. தினமும் ஒன்பது, பத்து பேர் வந்தால் போதும். நம் ஊரில் முக்கால்வாசி வலி தோள், இடுப்பு, முழங்கால். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளி மூட்டை சுமக்கிற பெண்களின் வலி. அதற்கு உங்கள் கையும் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியும்தான் முதல் மருந்து. பெரிய மெஷின்கள் இரண்டாவது வருஷம் வரட்டும்.

இன்னொன்று கவனியுங்கள். சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஃபேக்டரியிலிருந்து இலைக் காசு மாதம் ஒரு தடவைதான் வரும். காசு வந்த வாரம் கூட்டம் வரும், மற்ற வாரங்களில் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு நோட்டில் எழுதிவைத்து, இலைக் காசு வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடன் நோட்டை வாராவாரம் கூட்டிப் பாருங்கள். ஏமாற்றுகிறவர்கள் குறைவு. ஆனால் உங்கள் வாடகைத் தேதியும் அவர்கள் காசு வரும் தேதியும் ஒத்துவர வேண்டும். வீட்டுக்காரரிடம் பேசி வாடகைத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

பேஷன்ட் அனுப்பினால் டாக்டருக்குக் கமிஷன் தர வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். தராதீர்கள். டாக்டர்கள் கமிஷன் வாங்குவதை 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளே தடை செய்கின்றன. அந்தக் கமிஷன் கடைசியில் கொழுந்து கிள்ளுகிற அம்மாவின் பையிலிருந்துதான் போகும். அதற்குப் பதிலாக, உங்களிடம் வந்த ஒவ்வொருவர் பற்றியும் அனுப்பிய டாக்டருக்கு அரைப்பக்கம் எழுதி அனுப்புங்கள்: எந்த நிலையில் வந்தார், எத்தனை தடவை பார்த்தேன், இப்போது கையை எவ்வளவு தூக்குகிறார். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அந்தக் கடிதம் உங்களுக்கு ஆள் சேர்க்கும்.

பதிவு, லைசென்ஸ் விஷயங்களை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஸ்டோர் ரிஜிஸ்டர், இன்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் தாள்), மீட்டிங், ரிப்போர்ட் என்று பாதி நாள் போகிறது. நோயாளியைப் பார்க்கத்தானே படித்தேன்?
— ஒரு டாக்டர், பந்தலூர்

பதில்: டாக்டர், உங்கள் கோபம் நியாயம்தான். கல்லூரியில் ஐந்தரை வருஷம் சொல்லித்தராததை முதல் நாளே தலையில் கட்டுகிறார்கள். ஆனாலும் ஸ்டோர் ரிஜிஸ்டரை மட்டும் கீழே இருப்பவர்களிடம் தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் பகுதியில் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு என்பது உங்களுக்கே தெரியும். நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பதை 1952-லேயே கண்டறிந்து பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நோயுள்ள ஒரு பிள்ளைக்குத் தினமும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை போக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு, மழையில் நடந்து, ஜீப் பிடித்து அம்மா வருகிறார். “மாத்திரை தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க” என்று சொன்னால் அவர் அடுத்த வாரம் வருவார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? நீங்கள் எவ்வளவு சரியாக நோயைக் கண்டுபிடித்திருந்தாலும் அன்று அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் இல்லை.

2009 நவம்பர் நிலச்சரிவு நீங்கள் பள்ளியில் இருந்த காலம். குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மலை இடிந்து விழுந்து நாற்பதுக்கு மேல் உயிர்கள் போயின. ரோடு துண்டானது. நான் அப்போது நர்சிங் சூப்பிரண்டு. எங்கள் பார்மசிஸ்ட் ஒவ்வொரு ஜூன் மாதமும் சலைன் பெட்டிகளை வராந்தா வரை அடுக்கிவைப்பார். இடைஞ்சலாக இருக்கிறது என்று நானே அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்த வாரம் எங்களுக்கு ஒரு பாட்டிலுக்குக்கூடத் தட்டுப்பாடு வரவில்லை. அப்புறம் உட்கார்ந்து அவரிடம் கணக்கைக் கற்றுக்கொண்டேன். தினமும் எத்தனை செலவாகிறது, ஆர்டர் போட்டால் வர எத்தனை நாள், எதிர்பாராததற்கு எத்தனை நாள் கூடுதல். தினம் 12 பாட்டில், வர ஆறு நாள், கூடுதல் ஆறு நாள் என்றால் 144 பாட்டிலுக்குக் கீழே இறங்குமுன் இன்டென்ட் போய்விட வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கூடுதல் ஆறு நாளை அவர் பதினைந்தாக ஆக்குவார். 252 பாட்டில். வராந்தா அடைத்ததற்குக் காரணம் அதுதான். 

அரசு முறையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் தருகிறது, அதில் உள்ள தொகைக்குள் உங்கள் ஊருக்கு என்ன மருந்து வேண்டுமோ அதைக் கிடங்கிலிருந்து எடுக்கலாம். எந்த மருந்து எவ்வளவு என்று தீர்மானிக்கும்போது உங்கள் ஓ.பி. நோட்டு பேச வேண்டும். போன வருஷம் எடுத்ததையே இந்த வருஷமும் எழுதினால் தேவையில்லாதது காலாவதியாகும், தேவையானது தீரும். முதலில் காலாவதியாகும் டப்பா முன்வரிசையில் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை நீங்களே ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள்.

டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களைப் பற்றி நினைத்துப் பாருங்கள். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலைகளை அவர்களிடம் நம்பிக் கொடுத்தார்கள். பணம் கட்டுகிறவர்கள் கட்டுவதில் கட்ட முடியாதவர்களுக்கு இலவசம். கண்புரை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுபடியாகவில்லை என்று 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையே இங்கே செய்தார்கள். ஒரு கண் டாக்டரின் கணக்கும் ஒழுங்கும் இல்லாவிட்டால் லட்சக்கணக்கான பேருக்குப் பார்வை வந்திருக்காது.

மீட்டிங், ரிப்போர்ட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். பாதியைக் குறைக்கலாம். குறைக்கச் சொல்லி மாதக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

கேள்வி: லேப் டெக்னீஷியனாக எட்டு வருஷம் ஆகிறது. ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ. படித்தால் மேலே வரலாமா? மூன்று லட்சம் கேட்கிறார்கள்.
— ஒரு வாசகர், ஊட்டி

பதில்: இப்போதே கட்டாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே பில்லிங்கிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேஜையிலும் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு கிளெய்ம் ஏன் திரும்பி வருகிறது, ஒரு டெஸ்ட்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறமும் ஆசை குறையாவிட்டால் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: சின்ன நர்சிங் ஹோம் நடத்துகிறேன். நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் இரண்டே வருஷத்தில் கோயம்புத்தூருக்குப் போய்விடுகிறார்கள். மூவாயிரம் கூடுதல் சம்பளம் என்னால் கொடுக்க முடியவில்லை.
— ஒரு டாக்டரம்மா, கோத்தகிரி

பதில்: டாக்டரம்மா, போன பிள்ளைகளில் நான்கு பேருக்கு போன் போட்டு ஏன் போனாய் என்று கேளுங்கள். சம்பளம் என்பது முதல் பதிலாக வரும், இரண்டாவது பதில் வரும்வரை காத்திருங்கள். நான் கேட்டபோது வந்த பதில்கள் குளிர்ந்த தங்கும் அறை, வெந்நீர் கிடையாது, லீவு கடைசி நாளில் ரத்து, “உன்னால் முடியாது” என்ற ஒரு வார்த்தை. ஒரு கீஸர் மாட்டுகிற செலவையும் ஒரு புதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுக்கிற செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆளெடுக்கும் இடத்தையும் மாற்றலாம். 1990-ல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கிய அஸ்வினி அமைப்பு பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியர்களாக்கியது. தங்கள் மக்களின் மொழி பேசுகிற, வீடு பக்கத்தில் இருக்கிற பெண்கள். உங்கள் சுற்றுவட்டார ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளிலும் பிளஸ் டூ முடித்த பெண்கள் இருக்கிறார்கள். நர்சிங் படிப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால் அவர்கள் திரும்ப வருவார்கள். பாண்டு எழுதி வாங்கிச் சர்டிஃபிகேட்டைப் பூட்டிவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது பெரும் பாவம்.

கேள்வி: நான் பத்தாவது வரைதான் படித்தேன். ஆயாவாக 12 வருஷம். இந்தப் பக்கத்தை என் மகள்தான் படித்துக் காட்டுவாள். போன வாரம் ஒரு தாத்தா காலையிலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். “உன் வேலையைப் பார்” என்றுவிட்டார். தலைமைப் பண்பு, நிர்வாகம் எல்லாம் எங்களுக்கும் உண்டா அம்மா?
— ஒரு வாசகி, குந்தா

பதில்: உண்டு அம்மா. என்னை மாற்றியதே உங்களைப் போன்ற ஒருவர்தான். அவர் இரண்டாவது தடவை சொல்லாமல் போனதற்குக் காரணம் நான். நீங்கள் இரண்டாவது தடவையும் சொல்லுங்கள்.

மகளிடம் ஒரு சின்ன நோட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். பெட் நம்பர், மணி, கண்ணால் பார்த்தது, இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும். “ஏழாம் பெட், காலை ஆறு மணியிலிருந்து ஒண்ணுக்குப் போகல, இப்போ மணி ரெண்டு, அடிவயிறு கெட்டியா இருக்கு” என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் யாரும் லேசில் தள்ள மாட்டார்கள். நர்ஸ் கேட்கவில்லையென்றால் இன்சார்ஜிடம் சொல்லுங்கள். அவரும் கேட்கவில்லையென்றால் டாக்டர் ரவுண்ட் வரும்போது அந்தப் பெட் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய், காலை ஹேண்ட் ஓவரில் உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உங்கள் இன்சார்ஜிடம் கேளுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

அந்தத் தாத்தா இப்போது எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் இல்லையே. அடுத்த தடவை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.